தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சௌக்கியமில்லை. அதை மறைத்து எழுத மனமும் இல்லை. உன் அம்மா கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு நேரே அடுக்களைக்குப் போய் ஒப்பிட்டுப் போளிக்குப் பருப்பு வேகப் போட்டாள். "ஏனுங்க, நம்ம தம்பி இனி பம்பாய் கிம்பாயின்னு எங்கயும் போவ வேண்டாமுங்க. நீங்க இருந்த காலேசுலயே வாத்தியாரு. கண்ணு முன்னால இருப்பான்" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள். நான் ஒப்பிட்டைத் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது.

பம்பாயில் ரேடியோ கம்பெனி கொடுக்கும் நிரந்தர வேலையை வேண்டாம் என்று எழுதிவிடப்போகிறேன், மைசூரில் பி.எஸ்ஸி. பையன்களுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுக்கும் தற்காலிக வேலைக்கு வரப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். "அப்பா நின்ற இடத்தில் நானும் நிற்பது எனக்குப் பெருமை" என்று ஒரு வரி வேறு. தம்பி, அந்த வரியைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் எறிந்தேன். நீ சரியான வார்த்தையைத்தான் போட்டிருக்கிறாய். நான் அங்கே உட்காரவில்லை, பத்தொன்பது வருஷமாக நின்றேன். அதில் என்ன பெருமை இருக்கிறது என்று யாராவது எனக்குச் சொன்னால் தேவலை. பம்பாய்க்கு நீ பதில் எழுதக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை என்கிறாய். அதற்குள் இந்தக் கடிதம் பெங்களூரில் உன் கையில் கிடைத்துவிட வேண்டும். நாளைக் காலை ரயில் தபாலில் சேரும்படி நானே போய்ப் போடுகிறேன்.

தற்காலிகம் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் உன் அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டோம். கோடை விடுமுறை ஆரம்பித்த மறுநாளே கொள்ளேகாலில் உன் மாமன் வீட்டுக்குப் போவோமே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மாதம் மாமன் பிள்ளைகளோடு மல்பெரித் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருப்பாய். மற்ற வாத்தியார் பிள்ளைகள் எல்லாம் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார்கள், நம் அப்பாதான் ஊருக்குக் கூட்டிப்போகிறார் என்று உனக்கு ஒரே மகிழ்ச்சி. உண்மை என்னவென்றால், மார்ச்சில் கடைசிப் பரீட்சை முடிகிற அன்று மாலையே என் வேலையும் முடிந்துவிடும். ஜூனில் மறுபடி உத்தரவு வந்தால்தான் நான் வாத்தியார். நடுவில் உள்ள இரண்டு மாதம் சம்பளம் கிடையாது. அதனால்தான் மாமன் வீடு. மாமன் முகம் கோணாமல் வைத்துக்கொண்டார், அவருக்கு நான் இந்த ஜென்மத்தில் நன்றி சொல்லி முடிக்க முடியாது. ஆனால் பந்தியில் உட்காரும்போதெல்லாம் "மாப்பிள்ளைக்கு இன்னும் உத்தரவு வரலீங்களா?" என்று யாராவது ஒருவர் கேட்பார். மறு சோறு வாங்காமல் எழுந்துவிடுவேன்.

வேலை முடிகிற அந்த மாலையில் ஒரு சடங்கு உண்டு. லாபரட்டரி அலமாரிகளின் சாவிக்கொத்தை நான் அட்டெண்டர் புட்டையாவிடம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு லென்ஸாக, ஒவ்வொரு தெர்மாமீட்டராக அவன் பட்டியலைப் பார்த்துக் கேட்பான், நான் எடுத்துக் காட்டுவேன். புட்டையா நல்லவன். அவன் நிரந்தரம், நான் தற்காலிகம், அதை அவன் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. "ஜூன்ல வந்துருவீங்க ஸ்வாமி, சாவிய நான் பத்திரமா வெச்சிருப்பேன்" என்பான். ஜூனில் போனால் அதே சாவியை அவன் கொடுப்பான், நான் அதே பட்டியலில் கையெழுத்துப் போட்டு வாங்குவேன். கையெழுத்துக்குக் கீழே "ஆக்டிங்" என்று எழுத வேண்டும். இடத்துக்குச் சொந்தக்காரன் வேறு ஒருவன், இவன் அவனுக்காக வந்து நிற்பவன் என்று அதற்கு அர்த்தம். முதலில் சீமைக்குப் படிக்கப் போன ஒருவருக்காக நின்றேன். அவர் திரும்பி வந்தார். அவரைப் புதுப் பதவிக்கு அனுப்பிவிட்டு, வியாதியாக விடுப்பில் போன இன்னொருவருக்காக என்னை நிற்க வைத்தார்கள். அவர் காலமானார். அவர் இடத்துக்கு ஆள் எடுக்கும் வரை என்றார்கள். அது மட்டும் எட்டு வருஷம் ஓடியது.

நம் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் கல்லூரி போட்டோவை நீ எத்தனையோ தடவை பார்த்திருப்பாய். நீ படித்த மூன்றாம் வருஷக் கடைசியில் எடுத்தது. கீழே ஜமக்காளத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய். நாற்காலி வரிசையில் நிரந்தரக்காரர்கள், சரிகைத் தலைப்பாகையும் மூடிய கோட்டுமாக. பின்னால் நிற்கும் வரிசையில் மூன்றாவது ஆள் நான். எனக்கு நேர் முன்னால் நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருக்கிறாரே, அவருக்கு வெர்னியர் அளவுகோலைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். அவர் தங்கமான பையன், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. போட்டோ எடுக்கிற அன்று எழுந்து, "சார், நீங்க உட்காருங்க" என்றுகூடச் சொன்னார். போட்டோக்காரர்தான் சம்மதிக்கவில்லை, அவரிடம் பட்டியல் இருந்தது. உன் அம்மா அந்தப் படத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் பூ வைக்கிறாள். உள்ளூர எனக்கு அதைக் கழற்றிப் பரணில் போட வேண்டும் என்றுதான் இருக்கிறது.

ஏன் என்னை நிரந்தரமாக்கவில்லை என்று நீ சின்ன வயதில் ஒரு தடவை கேட்டாய். படிப்பு போதாது என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். படிப்பு போதும். பிறந்த ஊர்தான் சரியில்லை. கொள்ளேகால் மைசூரிலிருந்து நாற்பது மைல். ஆனால் அது கோயமுத்தூர் ஜில்லா, மதராஸ் மாகாணம், வெள்ளைக்காரன் சீமை. மகாராஜா சமஸ்தானத்துப் பதவி சமஸ்தானத்தில் பிறந்தவர்களுக்கு முதலில் என்பது இங்கே வழக்கம். அதை முழுத் தப்பென்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, நம் வீட்டுப் பந்தியில் நம் பிள்ளைக்குத்தானே முதலில் பரிமாறுவோம். என் குறை என்னவென்றால், இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் புரொபசரிடம் போய் நிற்பேன். அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு "நோடோண" என்பார். பார்க்கலாம், அவ்வளவுதான். பத்தொன்பது வருஷம் பார்த்தார்கள். இல்லை என்ற ஒரு சொல் முதல் வருஷமே கிடைத்திருந்தால் நான் மதுரைக்கோ திருச்சிக்கோ போய் இந்நேரம் மனுஷனாகியிருப்பேன். அந்த நோடோணதான் தம்பி, என்னைக் கட்டிப்போட்டது.

இந்தச் சிக்கலுக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. குண்டலுபேட்டையில் வியாபாரம் பண்ணுகிற உன் பெரியப்பாவுக்கு அந்த ஊர் சானுபோகர், அதாவது கிராமக் கணக்கர், வேண்டியவர். நான் குண்டலுபேட்டையில் பிறந்ததாக ஒரு காகிதம் எழுதித் தருகிறேன் என்றாராம். குண்டலுபேட்டை சமஸ்தானத்து ஊர். உன் அம்மா இரண்டு நாள் கெஞ்சினாள். "ஒரு காயிதந்தானுங்க. யாரு குடியக் கெடுக்கப் போறோம்? பொறந்தது இந்த ஊருன்னா என்ன, அந்த ஊருன்னா என்னங்க?" என்றாள். நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். அளவெடுப்பது என் தொழில், எடுத்த அளவைத் திருத்துகிறவன் பௌதிகம் சொல்லிக்கொடுக்க லாயக்கில்லை என்று கத்தினேன். உனக்கு அப்போது பத்து வயது, கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அன்று சாயங்காலம் உன்னைச் சாமுண்டி மலைக்குக் கூட்டிப்போனேன். படியேறும்போது சொன்னேனே, பூமி எல்லாரையும் ஒரே மாதிரி இழுப்பதில்லை, வடக்கே லண்டனில் கொஞ்சம் கூட, நம் பக்கம் கொஞ்சம் கம்மி, மேட்டில் ஏறினால் இன்னும் ஒரு மயிரிழை கம்மி என்று. "அப்படீன்னா மலை மேல நான் எடை கொறைவாப்பா?" என்று கேட்டுவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவினாய். என் வாழ்க்கையில் நான் நடத்திய நல்ல பாடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதை நானே கெடுத்த கதையைத்தான் இப்போது எழுத வேண்டும். ஆறு வருஷமாக எழுதாமல் தள்ளிப்போட்டது இது.

நீ பி.எஸ்ஸி. மூன்றாம் வருஷம். ஓட்டை வரிசையாகப் போட்ட நீளமான இரும்புப் பட்டையைக் கத்திமுனையில் தொங்கவிட்டு, ஆட்டத்தை எண்ணி, பூமியின் இழுப்பு எவ்வளவு என்று கணக்கிடும் சோதனை. மற்றப் பையன்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனார்கள். நீ மூன்று நாள் எடுத்துக்கொண்டாய். ஜன்னலைச் சாத்தி, காற்று படாமல், நூறு நூறு ஆட்டமாக எண்ணினாய். ரெக்கார்டு நோட்டை என்னிடம் கொண்டுவந்து வைத்தபோது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் தெரிகிறது. விடை 978. புத்தகத்தில் 981. அது லண்டனில் அச்சான புத்தகம்.

கல்லூரிக்குள் நீ என்னை சார் என்றுதான் கூப்பிடுவாய். நானே போட்ட விதி அது. "சார், பத்துத் தரம் எடுத்துப் பார்த்துட்டேன், இதேதான் வருது" என்றாய்.

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு?" என்றேன்.

"அது லண்டன்ல, சார். இது மைசூர். நீங்கதான சொன்னீங்க?"

உனக்கு அப்போது தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு நாள் முன்னால்தான் புரொபசர் என்னைக் கூப்பிட்டிருந்தார். அவருக்கும் 978தான் சரி என்று தெரியும். தெரியாதவராக இருந்தால் நான் மன்னித்திருப்பேன். "நோடி, பரீட்சை பண்ண வெளியூர்லேர்ந்து வர்றவர் கையில புத்தகந்தான் இருக்கு. அவரோட ஜகளம் பேடா, சண்டை வேண்டாம். ரெக்கார்டு எல்லாம் புத்தகத்தோட ஒத்திருக்கட்டும்" என்றார். அவர் மேஜைமேல் மறுவருஷத்துக்கான என் சிபாரிசுக் காகிதம் கையெழுத்தாகாமல் கிடந்தது. அந்த வருஷம் ஒரு இடத்தை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்ற பேச்சும் காதில் விழுந்திருந்தது. மற்றப் பையன்கள் எல்லாரும் 981-ஐ வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட்டு, ஊசல் எத்தனை நொடியில் ஆடியிருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள். நான் அத்தனைக்கும் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

உன் நோட்டில் போடவில்லை. திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் அதே 978-ஐக் கொண்டுவந்தாய். திருப்பிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் "எல்லாருக்கும் வருது, உனக்கு மட்டும் ஏண்டா வரல? எண்ணத் தெரியலையா?" என்று, பையன்கள் எல்லாரும் கேட்கும்படி சத்தம் போட்டேன். நீ ஓரமாகப் போய் உட்கார்ந்து, பிளேடால் மையைச் சுரண்டி, 981 என்று எழுதிக் கொண்டுவந்தாய். நான் கையெழுத்துப் போட்டு, கீழே ஆக்டிங் என்று எழுதினேன். பிறந்த ஊரைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன் என்று குதித்தவன், உன்னைப் பூமியைப் பற்றிப் பொய் எழுத வைத்தேன். அன்று வீட்டுக்கு வந்து நீ அம்மாவிடம் சொல்வாய், சண்டை வரும் என்று காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. நன்றாகத்தான் சாப்பிட்டாய். ஆனால் அதற்கப்புறம் இன்றுவரை ஒரு பௌதிகக் கேள்விகூட என்னிடம் நீ கேட்டதில்லை, தம்பி. எம்.எஸ்ஸி. படித்தாய், பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாய், எழுதுகிற கடிதத்தில் எல்லாம் சாப்பாடு, தலைவலி, மழை. நான் கவனிக்காமல் இல்லை.

அதற்குக் கிடைத்த கூலி என்ன தெரியுமா? அந்த நிரந்தர இடம் போட்டோவில் இருக்கும் அந்த நாற்காலிக்காரருக்குப் போயிற்று. எனக்கு மறுவருஷமும் ஆக்டிங். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள், இங்கே பூதம்கூடக் கிளம்பவில்லை, வெட்டின மண்ணை மறுபடி தள்ளி மூடினதுதான் மிச்சம்.

இனி இப்போது நடந்ததைச் சொல்கிறேன், இதுவும் உனக்குத் தெரியாது. இந்த வேலைக்கு உன் பெயரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்கள், உன் ஆராய்ச்சியின் மதிப்பு தெரிந்து கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறாய். போன மாதம் புரொபசர் என்னை அழைத்து, எனக்கு வயதாகிவிட்டது, அடுத்த வருஷம் உத்தரவு வராது என்றார். ஆக்டிங் ஆளுக்குப் பென்ஷன் கிடையாது, வழியனுப்பு விழாவும் கிடையாது. அப்புறம் அவரே, "உங்க பையன் இருக்கானே, நீங்க காலேஜுக்கு வர்றதுக்கு முன்னாலயே இங்க பிறந்தவன், அவனை வரச்சொல்லுங்க. ஆக்டிங்கா ஆரம்பிக்கட்டும், அப்புறம் நோடோண" என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? பத்தொன்பது வருஷத்தை அந்த மேஜைமேல் கொட்டியிருக்க வேண்டும். நான் இரண்டு கையையும் கூப்பினேன். "ரொம்ப உபகாரம்" என்றேன். வெளியே வந்து மரத்தடியில் நிற்கும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதுதான் வெட்கக்கேடு. பிள்ளை பக்கத்தில் இருப்பான், சாவிக்கொத்து வேறு யார் கைக்கும் போகாது என்று கணக்குப் போட்டேன். உன்னை நானே கையைப் பிடித்துக் கொண்டுபோய் அந்தப் பின்வரிசையில் நிறுத்தப் பார்த்தேன். உன் கடிதம் வந்து, பெருமை என்ற வார்த்தையைப் படித்தபோதுதான் புத்தி வந்தது.

பாடம் சொல்லிக்கொடுப்பது மட்டமான வேலை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. உப்பைத் தீயில் தூவி, ஸ்பெக்ட்ரோமீட்டரில் அந்த மஞ்சள் கோடு இரண்டாகப் பிரிவதை முதன்முதலாகப் பார்க்கிற பையன் "ஆ" என்று வாயைத் திறப்பானே, அதற்காக நான் இன்னொரு பத்தொன்பது வருஷம்கூட நிற்பேன். அதை வைத்துத்தான் அவர்கள் என்னை நிறுத்தியும் வைத்தார்கள். பிடித்த வேலையைச் செய்கிறவனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். உனக்கும் அந்த வேலை பிடிக்கும், அதுதான் எனக்குப் பயம். வருஷா வருஷம் ஜூன் மாதத்துக்குப் பயப்படுகிறவன் முதலில் புரொபசரிடம் வாய் மூடுவான். அப்புறம் பையன்களிடம் பொய் சொல்வான். கடைசியில் பெற்ற பிள்ளையைப் பத்துப் பேர் நடுவில் எண்ணத் தெரியாதவன் என்பான். இவ்வளவையும் செய்தவன் கெட்டவன் இல்லை, தம்பி. தினமும் சந்தனம் வைத்துக்கொண்டு, யாருக்கும் கெடுதல் நினைக்காமல் இருந்த ஒரு சாதாரண ஆள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

அம்மாவிடம் இன்று காலையில் எல்லாவற்றையும் சொன்னேன், ரெக்கார்டு நோட்டுக் கதை உள்பட. வெகுநேரம் முறத்தில் அரிசியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். "எம் புள்ளையப் போயி எண்ணத் தெரியாதவன்னீங்களா?" என்றாள். அப்புறம் அரிசியை உலையில் போட்டுவிட்டு, "பம்பாய்க்கு எத்தன நாள் ரயிலுங்க?" என்று கேட்டாள். திங்கட்கிழமை நான் புரொபசரைப் பார்த்து, என் பிள்ளைக்காகச் சம்மதம் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அன்று கூப்பின கையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லப்போகிறேன். அவர் சிரிப்பார். சிரிக்கட்டும், இனி அவர் மேஜைமேல் என் காகிதம் எதுவும் இல்லை.

நேற்றுக் கடைசித் தடவையாகச் சாவி ஒப்படைத்தேன். அலமாரியைக் காலிசெய்யும்போது புட்டையா பழைய ரெக்கார்டு நோட்டுகளைக் கட்டுக்கட்டாக வெளியே எடுத்துப் போட்டான், கண்ணாடிச் சாமான் சுற்றுவதற்கு. மேலாக உன் பெயர் போட்ட நோட்டு கிடந்தது. "இது நம்ம சின்ன ஸ்வாமியோடதல்லவா?" என்று அவனே துடைத்துக் கையில் கொடுத்தான். அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். நீ பிளேடால் சுரண்டிய இடத்தில் காகிதம் மெலிந்துபோயிருந்தது. ஜன்னல் பக்கம் பிடித்தால் வெளிச்சம் தெரிந்தது. 981-ஐச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே 978 என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். போட்டு முடித்ததும் பழக்கத்தில் பேனா கீழே இறங்கியது, அந்த ஒரு வார்த்தையை எழுத. எழுதவில்லை. அப்படியே மூடி வைத்தேன்.

நோட்டை இந்தக் கடிதத்தோடு கட்டி அனுப்புகிறேன். உன் விடைதான் சரி. பம்பாய்க்கு எழுதிவிடு. போய்ச் சேர்ந்ததும், அந்த ஊரில் எவ்வளவு வருகிறது என்று எண்ணிப் பார்த்து எனக்கு எழுது.

உன் அப்பா